மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சயான், தாராவி, செம்பூர், ஆண்டாப் ஹில் பகுதிகளில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களும், மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்களும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது மாலை நேரத்தில் இருபது முப்பது பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன் என்ற முறையில், எனக்குக் கைகொடுத்தவற்றோடு காலை வாரிவிட்டவற்றையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் விளையாட்டு, கைவேலை, பாட்டு என்று எது செய்தாலும் அது புதுமையான கணிதக் கற்பித்தல் ஆகிவிடுமா?

ஆகாது. இதை என் செலவில் கற்றுக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பில் பின்னம் தொடங்கியபோது, வண்ணத்தாளில் தோசை வெட்டி, அதை நான்காகவும் எட்டாகவும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம் பூசும்படி சொன்னேன். நாற்பது நிமிடம் வகுப்பு தேர்த் திருவிழா போல இருந்தது. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்துப் பாராட்டிவிட்டும் போனார். மறுநாள் நான்கில் ஒரு பங்கு பெரியதா, எட்டில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டேன். பாதி வகுப்பு, நான்கைவிட எட்டு பெரியது என்பதால் எட்டில் ஒரு பங்குதான் பெரியது என்றது. அவர்கள் முந்தைய நாள் நிறம் பூசினார்களே தவிர, எந்த இடத்திலும் இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்றுதான். செய்யப்போகும் வேலையிலிருந்து கணக்கை உருவி எடுத்துவிட்டால் அந்த வேலை தொடர்ந்து நடக்குமா என்று பார்ப்பேன். நடக்கும் என்றால் அது ஓவிய வகுப்பு. நல்ல விஷயம்தான், ஆனால் அதற்கு வேறு பாடவேளை இருக்கிறது. கணக்கை எடுத்தவுடன் வேலையே நின்றுபோகும் என்றால் மட்டும் அதை வகுப்புக்குள் கொண்டு வருவேன்.

அப்படியானால் பின்னத்தை எப்படித் தொடங்குவது?

தையற்கடைகளில் கிடைக்கும் தாள்நாடா, அல்லது செய்தித்தாளின் ஓரத்திலிருந்து கிழித்த நீளமான பட்டை போதும். எல்லாருக்கும் ஒரே நீளத்தில் ஒரு பட்டை கொடுத்து, பாதியாக மடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு அதையே மறுபடி பாதியாக, மறுபடி பாதியாக. ஒவ்வொரு மடிப்புக்கும் முன்னால், பிரித்துப் பார்த்தால் எத்தனை பங்கு இருக்கும், ஒரு பங்கு இப்போது இருப்பதைவிடப் பெரிதாகுமா சிறிதாகுமா என்று கேட்டு, பதிலைக் கரும்பலகையில் எழுதிய பிறகே மடிக்க விட வேண்டும். மூன்றாவது மடிப்புக்குப் பின் ஆறு பங்கு என்று சொல்லும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. பிரித்துப் பார்த்து எட்டு என்று கண்டதும் அவர்கள் முகத்தில் வரும் குழப்பம்தான் நமக்குக் கிடைக்கும் சொத்து. அதை அவசரப்பட்டுத் தீர்த்து வைக்கக் கூடாது.

இதோடு நம் மொழியிலேயே கிடக்கும் பின்னப் பெயர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகக் குறைந்து வருவது மடித்த பட்டையிலேயே கண்ணுக்குத் தெரியும். நான்காவது மடிப்பில் வரும் பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி என்று பெயர். இந்தச் சொல்லை ஆறாம் வகுப்பில் ஒரு கணக்காகவே நான் கொடுப்பதுண்டு. பழைய எண்சுவடிக் கணக்கில் மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி வர வேண்டும் அல்லவா, வருகிறதா பாருங்கள் என்று சொன்னால், எண்பதைப் பொதுப் பகுதியாக எடுத்து, நான்கும் ஒன்றும் ஐந்து, எண்பதில் ஐந்து, சுருக்கினால் பதினாறில் ஒன்று என்று பிள்ளைகளே வந்து சேருவார்கள். பெயருக்குள்ளேயே கூட்டல் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்த ஒரு பையன், அப்படியானால் முக்கால் என்றால் மூன்று காலா என்று கேட்டான். பத்து வயது வரை தினமும் சொல்லிக்கொண்டிருந்த சொல்லை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறான்.

மும்பைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. காய்கறி மண்டியில் பாவ் கிலோ, அர்தா கிலோ, ஸவ்வா, தீட், அடீச் என்று கால், அரை, ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை எல்லாம் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. கடைக்காரர் சொன்ன எடையைத் தமிழில் எழுது, பிறகு பின்னமாக எழுது, பிறகு கிராமில் எழுது என்று சொன்னால், ஒரே அளவின் நான்கு வேடங்களும் ஒரே வரியில் வந்துவிடும்.

வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம். எண்ணின் பெயரிலேயே குழந்தை குழம்புகிறதே?

குழம்புவதில் நியாயம் இருக்கிறது. தமிழில் இருபத்தைந்து என்று சொல்லும்போது முதலில் இருபது, பிறகு ஐந்து. எழுதுவதும் அதே வரிசைதான். மராத்தியில் பஞ்ச்வீஸ் என்று ஐந்து முன்னால் வருகிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதும் குழந்தை 52 என்று எழுதிவிட்டால், அது கவனக்குறைவு ஆகாது. காதுக்கு நேர்மையாக இருந்ததன் விளைவு. 29 என்பதற்கு மராத்தியில் ஏகோண்தீஸ், அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 2019-இல் மகாராஷ்டிரத்தின் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில், 21-ஐ ஏக்வீஸ் என்று சொல்லும் வழக்கோடு, வீஸ் ஏக் என்று பத்தை முன்வைத்துப் படிக்கும் முறையும் சேர்க்கப்பட்டபோது பெரிய சர்ச்சை எழுந்தது. அந்தப் பாடநூல் குழுவுக்குத் தலைமை தாங்கிய கணிதவியலாளர் மங்களா நார்ளீக்கர், தென்னிந்திய மொழிகளில் எண்கள் அப்படித்தான் படிக்கப்படுகின்றன என்பதை எடுத்துக்காட்டினார்.

நம் மொழி முழுக்க நேரானது என்று நாமும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். தொண்ணூறு என்பதில் நூறும், தொள்ளாயிரம் என்பதில் ஆயிரமும் எட்டிப் பார்க்கின்றன. எண்பத்தொன்பதுக்குப் பிறகு என்ன என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் தடுமாறுவது அதனால்தான்.

இதற்கு நான் செய்வது மிக எளிமையானது. ஐஸ்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி வைத்திருப்பேன். ஒரு பிள்ளை மராத்தியிலோ இந்தியிலோ ஓர் எண்ணைச் சொல்ல, இரண்டாவது பிள்ளை பேசாமல் கட்டுகளையும் உதிரிக் குச்சிகளையும் எடுத்து வைக்க, மூன்றாவது பிள்ளை அதைத் தமிழில் சொல்ல, நான்காவது பிள்ளை பலகையில் எழுத வேண்டும். நடுவில் குச்சி இருப்பதால், ஒரு மொழிச் சொல்லிலிருந்து இன்னொரு மொழிச் சொல்லுக்கு நேரே தாவ முடியாது. அளவைத் தொட்டுத்தான் போக வேண்டும். இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் செய்தால் போதும். மூன்று மொழியையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு இது சுமை என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. என் வகுப்பில் இடமதிப்பை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான்.

கோலத்தைக் கணக்கு வகுப்பில் பயன்படுத்தலாம் என்கிறார்கள். சமச்சீர் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது?

சமச்சீரோடு நிறுத்திவிடுவது, பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்பது மாதிரி. என்னிடம் இருக்கும் உத்திகளில் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தவறாமல் நான் எடுக்கும் பாடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நேர்ப்புள்ளி. நடுவரிசையில் ஏழு புள்ளி, இருபுறமும் ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைந்துகொண்டே போகும். மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டால் எல்லாரும் ஒவ்வொன்றாக எண்ணி 25 என்பார்கள். எண்ணாமல் சொல்ல வழி உண்டா என்பது அடுத்த கேள்வி. இப்போது புள்ளிகளுக்குச் சதுரங்கப் பலகை போல மாறிமாறி வெள்ளையும் காவியும் வைக்கச் சொல்ல வேண்டும். வைத்து முடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தால், ஒரு நிறத்தில் நான்குக்கு நான்கு என்று ஒரு சதுரமும், இன்னொரு நிறத்தில் மூன்றுக்கு மூன்று என்று ஒரு சதுரமும், ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பது தெரியும். பதினாறும் ஒன்பதும் இருபத்தைந்து. நடுவரிசை ஐந்தாக இருந்தால் ஒன்பதும் நான்கும் பதின்மூன்று. ஒன்பதாக இருந்தால் இருபத்தைந்தும் பதினாறும் நாற்பத்தொன்று. தலையைச் சாய்த்துப் பார் என்று சொல்வதற்கு முன் குறைந்தது ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அதுதான் கடினமான பகுதி.

அடுத்தது இடைப்புள்ளி. நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் சந்துகளில் ஆறு, பிறகு ஐந்து, பிறகு நான்கு. வாசலில் ஏழு புள்ளி நாலு வரை என்று சொல்லும் கோலம் இதுதான். மொத்தம் 37. மூன்று புள்ளி இரண்டு வரை என்றால் 7, ஐந்து புள்ளி மூன்று வரை என்றால் 19, ஒன்பது புள்ளி ஐந்து வரை என்றால் 61. தனிப்புள்ளியையும் சேர்த்து 1, 7, 19, 37, 61 என்று பலகையில் எழுதினால், அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் 6, 12, 18, 24 என்று ஆறின் மடங்காகப் போவதை யாராவது ஒரு பிள்ளை பார்த்துவிடும். அறுகோணத்துக்குச் சுற்றிலும் ஒரு வளையம் கூடுகிறது, ஒவ்வொரு வளையத்திலும் பக்கத்துக்கு ஒரு புள்ளி அதிகம் என்று காரணமும் சொல்லிவிடும்.

இதற்குப் பிறகுதான் வேடிக்கை. அந்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். ஒன்று, ஒன்றும் ஏழும் எட்டு, அதோடு பத்தொன்பது சேர்ந்தால் இருபத்தேழு, அதோடு முப்பத்தேழு சேர்ந்தால் அறுபத்து நான்கு. எல்லாம் கன எண்கள். தட்டையான வாசற்கோலத்திலிருந்து கனசதுரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, இருபத்தேழு லூடோ பகடைகளை வைத்து விடை காட்டலாம். மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று அடுக்கிய பகடைக் கட்டியில், ஒரு மூலையைச் சேர்ந்த மூன்று முகங்களின் பகடைகளை மட்டும் உரித்து எடுத்தால், உள்ளே இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு என்று எட்டுப் பகடைகள் மிஞ்சும். உரித்து எடுத்த ஓட்டில் பத்தொன்பது. அந்த ஓட்டைக் கலைக்காமல் மூலைக்கு நேரெதிரே கண்ணை வைத்துப் பார்த்தால், வாசலில் போட்ட ஐந்து புள்ளிக் கோலம் அப்படியே தெரியும். பகடைகளைக் களிமண்ணாலோ இருபக்க ஒட்டுநாடாவாலோ ஒட்டிக்கொள்ளுங்கள். என் முதல் முயற்சியில் ஓடு கையிலேயே உதிர்ந்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது.

எட்டாம் வகுப்புக்கு ஒரு மேல்வேலையும் உண்டு. பதினைந்து புள்ளி எட்டு வரை போடும் பெரிய கோலத்தில் மொத்தம் 169 புள்ளிகள். அது பதின்மூன்றின் வர்க்கமும் ஆகும். ஆகவே அதே புள்ளிகளைப் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று சதுரமாகவும் வைத்துவிடலாம்.

ஆண் பிள்ளைகளும் மற்ற மொழிப் பிள்ளைகளும் கோலத்துக்கு ஒத்துக்கொள்வார்களா?

மராத்திப் பிள்ளைகள் வீட்டில் புள்ளி வைத்துப் போடும் ரங்கோலி உண்டு, எனவே அவர்களுக்கு இது அந்நியம் அல்ல. ஆண் பிள்ளைகள் முதல் நாள் சிரிப்பார்கள். புள்ளி எண்ணிக்கைக்குச் சூத்திரம் கண்டுபிடிப்பது போட்டி என்று அறிவித்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

கழித்தல் பயிற்சி என்றாலே பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

நம் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைக்கலாம். மும்பையின் மேற்கு உள்ளூர் ரயில் பாதை முடிகிற தஹானுவில் 1905-இல் பிறந்து, நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக வாழ்நாளைக் கழித்த டி. ஆர். காப்ரேகர், முதுகலைப் பட்டம் கூட இல்லாமல் எண்களோடு விளையாடிப் புகழ் பெற்றவர். அவர் கண்டறிந்த 6174 என்ற எண்ணை 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் வெளியிட்டார்.

நான்கு இலக்க எண் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக ஒருமுறை, சிறியதிலிருந்து பெரியதாக ஒருமுறை அடுக்கி, கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அதேபோல் அடுக்கிக் கழிக்க வேண்டும். போரி பந்தரிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் ரயில் ஓடிய 1853-ஐயே எடுத்துக்கொள்வோம். 8531-இல் 1358 போனால் 7173. 7731-இல் 1377 போனால் 6354. 6543-இல் 3456 போனால் 3087. 8730-இல் 0378 போனால் 8352. 8532-இல் 2358 போனால் 6174. இனிமேல் எத்தனை முறை செய்தாலும் 6174-ஐ விட்டு நகராது. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிகளில் இங்கே வந்து சேர்ந்துவிடும்.

ஆசிரியருக்கு இதில் ஒரு பெரிய லாபம், பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் வேலை மிச்சம். ஏழு படிக்குள் 6174 வராவிட்டால் எங்கோ கடன் வாங்குவதில் தவறு நடந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும், போய்த் தேடுவான். கட்டாயப்படுத்தாமல் ஒரு பாடவேளையில் பதினைந்து இருபது கழித்தல்கள் நடந்துவிடும். ஓர் எச்சரிக்கை: நடுவில் மூன்று இலக்க விடை வந்தால் முன்னால் பூச்சியம் சேர்த்து நான்கு இலக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். 2111-இல் தொடங்கினால் முதல் விடை 0999. பூச்சியத்தை விட்டுவிட்டு 999-இல் 999 கழித்து, என் எண் செத்துப்போய்விட்டது என்று ஒரு சிறுமி அறிவித்தாள். பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று நாம் கீழ் வகுப்பில் பொறுப்பில்லாமல் சொல்லிவைத்த வாக்கியத்துக்கு வந்த தண்டனை அது.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லலாமா, கூடாதா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். மனப்பாடமே வேண்டாம் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏழெட்டு எவ்வளவு என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளையால் வகுத்தலில் மனம் செலுத்த முடியாது. ஆனால் மலை போலத் தெரிகிற வாய்ப்பாடு உண்மையில் எவ்வளவு சிறியது என்பதை முதலில் காட்டிவிட வேண்டும். பத்துக்குப் பத்துக் கட்டத்தில் நூறு விடைகள். மூன்று நான்கும் நான்கு மூன்றும் ஒன்றே என்பதால் அவை ஐம்பத்தைந்தாகக் குறைகின்றன. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் எல்லாருக்கும் வரும், அவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் இருபத்தொன்று. இந்த அடிக்கும் வேலையைப் பிள்ளைகளே தங்கள் கட்டத்தில் செய்ய வேண்டும். இருபத்தொன்றை ஒரு மாதத்தில் முடிக்கலாம் என்ற தைரியம் அவர்களுக்குத் தானாகவே வரும். ஏழெட்டு மறந்துபோனால் ஏழேழு நாற்பத்தொன்பதோடு ஓர் ஏழு என்று மீளவும் வழி தெரிந்திருக்க வேண்டும்.

சராசரியைச் சூத்திரமாகச் சொல்லாமல் எப்படி விளக்குவது?

மும்பையில் இதற்கு மழையைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2005 ஜூலை 26 அன்று பெய்த மழையை நினைவில் வைத்திருப்பவர் ஒருவராவது ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் இருப்பார். அன்று எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லலாம். 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் பதிவானது 944 மில்லிமீட்டர். அதே நகரத்தின் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர். இரண்டின் சராசரி ஐந்நூற்றுச் சொச்சம். அந்த ஐந்நூறு மில்லிமீட்டர் மழை எந்த இடத்தில் பெய்தது என்று கேளுங்கள். வகுப்பில் ஒரு மௌனம் விழும். கூட்டி வகுத்தால் வரும் எண் எப்போது ஒரு கூட்டத்துக்காகப் பேசுகிறது, எப்போது யாருக்காகவும் பேசுவதில்லை என்ற விவாதத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அரைமணி நேரம் நடத்தியதை நான் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் இதில் உண்டு. மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள்? ஒரே உயரமுள்ள, பக்கங்கள் செங்குத்தான இரண்டு டப்பாக்களை, ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், மழையில் வைத்து ஸ்கேலால் அளந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே உயரம்தான் இருக்கும். அகலமான டப்பாவில் தண்ணீர் அதிகம் ஏறியிருக்கும் என்று அடித்துச் சொன்னவர்கள் மறுபடி யோசிக்கத் தொடங்குவார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். பத்துக்குப் பத்தடி அறையின் கூரை சுமார் 9.29 சதுர மீட்டர். அதன்மேல் 944 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 8,770 லிட்டர். தாராவிப் பிள்ளைகளுக்குப் பத்துக்குப் பத்து என்பது சொந்த வீட்டின் அளவு. வாசலில் இருக்கும் 200 லிட்டர் டிரம்மில் எத்தனை என்று அவர்களே வகுத்துவிடுவார்கள்.

ரயிலும் ஆட்டோவும் பாடத்துக்கு உதவுமா?

உதவும். நேரக் கழித்தலுக்கு உள்ளூர் ரயில் அட்டவணையே போதும். 9:10-இலிருந்து 8:45-ஐ நூறு அடிப்படையில் கழித்து 65 நிமிடம் என்று சொல்லும் பிள்ளை, சயானிலிருந்து தாதருக்கு 65 நிமிடமா என்று தானே சிரித்துவிடும்.

ஆட்டோ மீட்டரைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் இருப்பதால் தூரமும் கட்டணமும் நேர்விகிதத்தில் இருக்காது என்று காட்டுவதற்காக, ஒன்பதாம் வகுப்பில் வரைபடம் போடச் சொன்னேன். 2025 பிப்ரவரியில் வந்த கட்டணப்படி, முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 26 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்குப் பதினேழு ரூபாய்ச் சொச்சம். கோடு ஒன்றரை வரை படுத்திருந்து, பிறகு ஏறியது. ஏறிய பகுதியைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்த ஒரு பையன், சார், இது பூச்சியத்துக்கிட்டயே வந்து சேருதே என்றான். 26-ஐ ஒன்றரையால் வகுத்தாலும் பதினேழு சொச்சம்தான். நீண்ட சவாரிக்கு விகிதம் ஏறக்குறைய நேராகத்தான் இருக்கிறது. குறுகிய தூரம் போகிறவர்தான் போகாத தூரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். நான் தயாரித்து வைத்திருந்த முடிவுரை வீணானது. அன்றைக்கு நடந்த பாடம் நான் தயாரித்ததைவிட நன்றாக இருந்தது.

ஐம்பது பிள்ளைகள், இடமே இல்லை, கையில் காசும் இல்லை. இதெல்லாம் சாத்தியமா?

மேலே சொன்னவற்றுக்குத் தேவையானவை தாள், சாக்பீஸ், ஐஸ்குச்சி, பகடை. நால்வர் நால்வராகப் பிரித்தால் ஐம்பது பேரும் பன்னிரண்டு, பதின்மூன்று குழுக்களாகிவிடுவார்கள். சத்தம் வரும்; பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு மாறும் பிள்ளைகள் கலைச்சொற்களில் தடுமாறுகிறார்களே?

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அங்கிருந்து மாறும் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் நிச்சயம் வரும். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று படித்தவருக்கு நியூமரேட்டர், டினாமினேட்டர் என்பவை புதிய சொற்கள்தானே தவிர, புதிய கருத்துகள் அல்ல. நோட்டின் கடைசிப் பக்கத்தை அவர்களுக்கான அகராதியாக ஒதுக்கி, தமிழ்ச்சொல், ஆங்கிலச்சொல், ஒரு சிறு படம் என்று மூன்று பத்தியில் எழுதிவரச் சொல்கிறேன். படம் இல்லாத அகராதி ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை.

பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகலாம்?

வர்லியில் 1985-இல் திறக்கப்பட்ட நேரு அறிவியல் மையம் எல்லா வயதினருக்கும் ஏற்றது. மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம்தான் கணித, அறிவியல் ஒலிம்பியாடுகளுக்குத் தேசிய அளவிலான மையம். ஆசிரியர்கள் அதன் வெளியீடுகளையும் பயிற்சிகளையும் கவனித்து வருவது நல்லது. இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 தேசியக் கணித நாளாக இருப்பதால், அந்த வாரத்தைக் கோலப் பாடத்துக்கு நான் ஒதுக்கி வைப்பேன். மார்கழியும் அப்போது தொடங்கியிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். வீட்டில் என் மகளுக்கு எப்படிக் கணக்குச் சொல்லித் தருவது?

இப்படிக் கேட்ட தாய் ஒருவர், விடியற்காலையில் இட்லி அவித்துத் தலைச்சுமையாக விற்கப் போகிறவர். நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடும் கணக்கு அவருக்குக் கைப்பழக்கம். தட்டு பதினாலு ரூபாய் என்றால் முப்பத்தைந்து தட்டுக்கு எவ்வளவு என்று நான் கேட்டேன். அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள், பத்துப் பதினாலு நூத்தி நாப்பது, அது மூணு தடவை நானூத்தி இருபது, அஞ்சு பதினாலு எழுபது, நானூத்தித் தொண்ணூறு என்றார். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் அப்போது நோட்டில் பெருக்கலை மேலும் கீழுமாக எழுதிக்கொண்டிருந்தாள். பத்தாம் இடத்து வரியை ஓர் இடம் தள்ளி எழுத மறந்ததில் அவளுக்கு வந்தது 112.

அம்மா சொன்னதை வரிவரியாக எழுது என்றேன். 35 என்பது 10, 10, 10, 5 என்று பிரிந்து, ஒவ்வொன்றும் 14-ஆல் பெருகி, கடைசியில் கூடியது. பாடப்புத்தகத்தில் பங்கீட்டு விதி என்று அடைப்புக்குறிகளோடு வரும் பக்கத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். அவள் புத்தகத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். அன்றைய ஏற்பாட்டின்படி, தினமும் இரவு மறுநாள் விற்பனைக்கான கணக்கை மகள் நோட்டில் போடுகிறாள். அம்மா அடுப்படியிலிருந்தே வாயால் சரிபார்க்கிறார்.